லபுபு பெட்டி அசலா போலியா: எந்த அடையாளம் எதைச் சொல்லும்?

சாம்பல்முயல்

“இது ஒரிஜினலா பாருங்க” என்று நாலு கோணத்தில் படம் போட்டுக் கேட்பது தினமும் நடக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரே இழையில் வைத்துக்கொள்வோம். பேச்சு இங்கே சீனப் பொம்மை நிறுவனமான பாப் மார்ட்டின் லபுபு ஃபர் சாவித்தொங்கல்களைப் பற்றி (பல்லைக் காட்டும், நீண்ட காதுள்ள பொம்மை; உள்ளே எந்த வடிவம் என்று தெரியாத மூடிய பெட்டியில் விற்பார்கள்): 2023 அக்டோபரில் வந்த மெக்கரோன் வரிசை, 2024இல் வந்த ‘ஹேவ் அ சீட்’, 2025 ஏப்ரலில் வந்த ‘பிக் இன்டூ எனர்ஜி’. போலிகள் குவிவது இந்த மூன்றில்தான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் பார்க்கிற அடையாளங்களில் பெரும்பாலானவை போலியைப் பிடிக்க மட்டுமே உதவும். ஒரிஜினல் என்று உறுதி சொல்ல உதவாது. பற்களை எடுத்துக்கொள்ளுங்கள். லபுபுவுக்கு ஒன்பது பல். எட்டோ பத்தோ இருந்தால் பேச்சே வேண்டாம், போலி. ஒன்பது இருந்தால்? அடுத்த சோதனைக்குப் போகலாம், அவ்வளவுதான். இப்போது வருகிற நல்ல தரப் போலிகளிலும் ஒன்பதுதான். காது, பாதம், யூவி (புற ஊதா) முத்திரை எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. நம்பக்கூடியவை இரண்டே: பெட்டியிலுள்ள சரிபார்ப்புக் குறியீட்டை முதல் ஆளாக நீங்களே சுரண்டிப் பார்ப்பது, பொருள் எந்தக் கடையிலிருந்து யார் கை வழியாக வந்தது என்பதற்கான ரசீது.

படம் போடுகிறவர்கள் கவனிக்க: முகம் நேராக, முகத்தைச் சுற்றிய விளிம்பு நெருக்கத்தில், இரண்டு பாதங்களின் அடி, முதுகுத் தையலும் லேபிளும், பெட்டியின் அடிப்பக்கம். ஃபில்டர் இல்லாமல், பகல் வெளிச்சத்தில். மஞ்சள் பல்பின் கீழ் எடுத்த படத்தை வைத்து முக நிறம் பற்றி யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

பெட்டிமுனை

குறியீட்டுச் சோதனையை நான் எழுதுகிறேன். நிறையப் பேர் “ஸ்கேன் பண்ணினேன், பாப் மார்ட் பக்கம் திறந்தது, அதனால ஒரிஜினல்” என்று முடித்துக்கொள்கிறார்கள். அங்கேதான் ஏமாறுகிறார்கள்.

பெட்டியில் ஒட்டியிருக்கும் சரிபார்ப்பு ஸ்டிக்கரில் க்யூஆர் கோடும், சுரண்ட வேண்டிய ஒரு பூச்சுப் பட்டையும் இருக்கும். போன் கேமராவாலேயே ஸ்கேன் செய்யுங்கள். பக்கத்தைத் திறப்பதற்கு முன் முகவரியை முழுதாகப் படியுங்கள். தொடக்கத்து ‘https://’ஐ விட்டுவிட்டு, அதற்குப் பின் வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள பகுதி ‘பாப்மார்ட்.காம்’ (popmart.com) என்றே முடிய வேண்டும். நடுவில் ஓர் எழுத்து கூட, ஓர் எழுத்து குறைய, இடையே கோடு, கடைசியில் வேறு நீட்சி, எது இருந்தாலும் அது போலித் தளம். ‘பாப்மார்ட்’ என்ற சொல் முகவரியில் எங்கோ இருப்பது போதாது. முடிவில் இருக்க வேண்டும், அதற்கு முன்னால் வேறு ஏதாவது இருந்தால் நடுவில் ஒரு புள்ளி இருக்க வேண்டும்.

முகவரி சரியாக இருந்தால் பட்டையைச் சுரண்டி, குறியீட்டின் கடைசி நாலு இலக்கத்தைப் பக்கத்தில் இடுங்கள். ஆனால் சரியான இலக்கத்தை இடுவதற்கு முன்னால் வேண்டுமென்றே தப்பான நாலு இலக்கத்தை ஒருமுறை போட்டுப் பாருங்கள். உண்மையான தளம் பொருந்தவில்லை என்று சொல்லும். நகல் தளத்துக்குப் பின்னால் தரவு எதுவும் கிடையாது. எதைப் போட்டாலும் “அசல் பொருள்” என்று பச்சை டிக் காட்டும். அரை நிமிட வேலைதான், போலித் தளங்களில் பெரும்பகுதி இதிலேயே சிக்கிவிடும்.

பிறகு சரியான இலக்கம். வருகிற பதிலில் “அசல்” என்ற வார்த்தையைவிட முக்கியமானது, இந்தக் குறியீடு இதற்கு முன் எத்தனை முறை, எப்போது சரிபார்க்கப்பட்டது என்ற விவரம். நீங்கள் இப்போதுதான் சுரண்டினீர்கள், ஆனால் பக்கம் மூன்று மாதத்துக்கு முந்தைய தேதியைக் காட்டுகிறது என்றால், ஓர் உண்மையான குறியீட்டை எடுத்து ஆயிரக்கணக்கான ஸ்டிக்கர்களில் அச்சடித்திருக்கிறார்கள். குறியீடு அசல், உங்கள் கையில் இருக்கும் பொம்மை போலி.

மலர்_கிள்ளான்

பெட்டிமுனை அண்ணே, ஒரு சந்தேகம். செகண்ட்ஹேண்டில் விற்பவர் ஏற்கெனவே சுரண்டிவிட்டார். “நான் செக் பண்ணிட்டேன், ஸ்க்ரீன்ஷாட் இருக்கு” என்கிறார். அதை நம்பலாமா?

பெட்டிமுனை

மலர், அந்த ஸ்க்ரீன்ஷாட் அந்தப் பெட்டிக்குத்தான் சாட்சி, உள்ளே இருக்கும் பொம்மைக்கு அல்ல. அசல் காலிப் பெட்டி, கார்டு, பை மூன்றையும் சேர்த்து தனியாக விற்கிற விளம்பரங்கள் எல்லாச் சந்தையிலும் இருக்கின்றன. அதை வாங்குகிறவர்களில் ஒரு பகுதியினர் எதற்கு வாங்குகிறார்கள் என்று யோசித்தால் போதும். சுரண்டிய ஸ்டிக்கர் உள்ள பெட்டிக்கு, திறந்த பொம்மைக்கு என்ன மதிப்போ அதுதான் கொடுக்க வேண்டும்; ‘சரிபார்த்தது’ என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

நீலவிளக்கு

யூவி பற்றி. புதிய தயாரிப்புகளில் வலது பாதத்தின் அடியில் லபுபுவின் உருவக்கோடு ஒன்று சாதாரண வெளிச்சத்தில் தெரியாத மையில் அச்சாகியிருக்கும். யூவி விளக்கின் கீழே ஒளிரும்.

விளக்கில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். மலிவாகக் கிடைக்கும் ஊதா டார்ச்சுகள் 395 நானோமீட்டர். அதன் ஊதா வெளிச்சமே கண்ணுக்குத் தெரிகிற அளவு பலமாக இருப்பதால், மெல்லிய முத்திரை அதில் மூழ்கிவிடும். “முத்திரை இல்லை” என்று பதறுவார்கள். 365 நானோமீட்டர், முன்னால் கறுப்பு ஃபில்டர் கண்ணாடி உள்ள டார்ச் வாங்குங்கள். அறையை இருட்டாக்கி, பாதத்திலிருந்து ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் தூரத்தில் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். விரல் எண்ணெயும் தூசும் கூட ஒளிரும், ஆகவே பாதத்தை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஸ்பிரிட், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் வேண்டாம். மை போய்விடும், வைனல் (முகமும் பாதமும் செய்யும் மென் பிளாஸ்டிக்) மேல்தோலும் மங்கும்.

இரண்டு எச்சரிக்கை. முதலில் வந்த மெக்கரோன்களில் இந்த முத்திரையே கிடையாது. பின்னால் தயாரானவற்றில் உண்டு. எனவே 2023 பொம்மையில் முத்திரை இல்லை என்பது குற்றம் அல்ல. மாறாக, ‘2023இல் வாங்கியது’ என்று சொல்லி விற்கும் மெக்கரோனில் முத்திரை பளிச்சென்று இருந்தால் விற்பவரிடம் கேள்வி கேளுங்கள். அடுத்தது, போலிக்காரர்களும் இப்போது யூவி மை அடிக்கிறார்கள். அவற்றில் கோடு தடிமனாக, காது நுனிகள் ஒன்றோடொன்று ஒட்டி, சில சமயம் அறை வெளிச்சத்திலேயே மஞ்சள் கறை மாதிரி தெரியும். ஆனால் நன்றாக அடித்த போலி முத்திரையை வெறும் கண்ணால் பிரிக்க முடியாது. ஆகவே சாம்பல்முயல் சொன்ன வரிசையில் இதுவும் தள்ளுவதற்கான சோதனைதான், ஏற்பதற்கானது அல்ல.

தையல்கோடு

பொம்மையைக் கையில் வாங்கிப் பார்க்கிற வாய்ப்பு கிடைத்தால் நான் முதலில் பார்க்கச் சொல்வது முகத்துக்கும் ஃபருக்கும் நடுவில் உள்ள விளிம்பு. கண், பல் எல்லாம் அச்சில் வார்க்கும் வேலை. வார்ப்பு அச்சு ஒன்று சரியாக அமைந்துவிட்டால் போலியிலும் அழகாக வந்துவிடும். விளிம்பு கைவேலை. வைனல் முகத்தின் ஓரத்தைத் துணியோடு பொருத்தும் இடத்தில் நேரம் செலவழிக்க வேண்டும், போலி செய்பவர் மிச்சம் பிடிப்பது அங்கேதான்.

கட்டைவிரலால் ஃபரை மெதுவாகப் பின்னால் தள்ளிக்கொண்டே முகத்தைச் சுற்றி ஒரு முழு வட்டம் வாருங்கள். அசலில் துணி முகத்தின் ஓரத்துக்குள் ஒரே சீராக நுழைந்திருக்கும். துணியின் அடி நெசவு வெளியே தெரியாது. போலியில் தாடைக்குக் கீழேயும் காதுகளுக்கு நடுவிலும் இடைவெளி திறக்கும், அல்லது பசை கெட்டியாகி ஃபர் முடிகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். நகத்தால் தொட்டால் கரகரவென்று இருக்கும். தாடையடிதான் சுற்றி வந்து முடியும் இடம் என்பதால் கோளாறு அங்கே கூடுதலாகத் தெரியும்.

அடுத்து காது. இரண்டும் நெருக்கமாக, நிமிர்ந்து நிற்க வேண்டும். மடக்கிவிட்டால் தானே நிமிரணும். அகன்று விரிந்து தொங்கினால் சந்தேகம். தலை சுழலும், சுழற்றும்போது ஒரே மாதிரி இறுக்கம் இருக்க வேண்டும், கடகடவென்று ஆடினாலோ ஓரிடத்தில் சிக்கினாலோ உள்மூட்டு வேறு.

பாதத்தின் அடியில் பாப் மார்ட் பெயர் புடைப்பாக இருக்கும். அந்த எழுத்துகளைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். அசல் அச்சில் எழுத்தின் ஓரம் கூர்மையாக, ஆழம் ஒரே அளவாக இருக்கும். அசல் பொம்மையிலிருந்து அச்சு எடுத்து, அதிலிருந்து வார்க்கும்போது ஒவ்வொரு தலைமுறையிலும் ஓரங்கள் மழுங்கும், அளவும் சற்றுச் சுருங்கும். எழுத்து சோப்பில் தேய்ந்த மாதிரி உருண்டையாக இருந்தால் அது நகலின் நகல்.

கறாரானவன்

தையல்கோடு சொன்னதெல்லாம் சரி, ஆனா ஒரு ஆபத்து இருக்கு. இதையெல்லாம் படிச்சுட்டு அசலையே போலின்னு தூக்கிப் போடறவங்க கூடிட்டாங்க. பாப் மார்ட் உற்பத்தி சீனாவிலயும் நடக்குது, வியட்நாம்லயும் நடக்குது. தேவை எகிறின 2024, 2025ல வந்த பொருட்கள்ல கன்னத்துச் சிவப்பு ஒரு பக்கம் தூக்கலா, பல்லுல மை கசிஞ்சு, ஒரு காது லேசா சாய்ஞ்சு இருக்கறது சகஜம். ஒரே நிறம், ஒரே வரிசை, ஆனா ரெண்டு தொகுப்புக்கு நடுவுல ஃபர் நீளம் மாறியிருக்கும்.

என் அளவுகோல் இது: சாயம் சார்ந்த குறை ஒன்னு ரெண்டு இருந்தா விட்டுடலாம். அச்சு வடிவம் சார்ந்த குறைய விடக் கூடாது. பல் எண்ணிக்கை, பாத எழுத்து, முக வடிவம் எல்லாம் அச்சுலயே தீர்மானம் ஆகறது. தொழிலாளி கை நடுங்கினாலும் மாறாது. சாயம், தையல், ஃபர் எல்லாம் ஆளுக்கும் நாளுக்கும் மாறும்.

வாசனையும் அப்படித்தான். புது வைனல் எதுவானாலும் கொஞ்சம் வாசம் வரும். கண்ணைக் கரிக்கிற தின்னர் நாத்தம், ரெண்டு மூணு நாள் காத்தாட வெச்சும் போகலைன்னா மட்டும் கணக்குல எடுங்க.

சாம்பல்முயல்

கறாரானவன் சொன்ன பிரிவு நல்ல பிரிவு. அதோடு பழைய சேகரிப்பாளர்களுக்காக ஒன்று. லபுபுவை வரைந்த காசிங் லுங் ‘தி மான்ஸ்டர்ஸ்’ படக்கதையை 2015இல் கொண்டுவந்தார். பாப் மார்ட்டோடு கைகோத்தது 2019இல். அதற்கு முந்தைய பொம்மைகளை ஹாங்காங்கின் ஹவ்டூவொர்க் நிறுவனம் வெளியிட்டது. அவற்றில் பாப் மார்ட் பெயரைத் தேடிவிட்டு ‘போலி’ என்று எழுதிவிடாதீர்கள். அவற்றின் சரிபார்ப்பு வேறு துறை, இந்த இழையில் அடங்காது.

கணக்குப்புள்ளி

விலையையும் சீக்ரெட்டையும் வைத்தே பாதி விளம்பரங்களைத் தள்ளிவிடலாம், பொம்மையைப் பார்க்கவே வேண்டாம்.

இந்த வரிசைகளில் ஆறு சாதாரண வடிவம், ஒரு சீக்ரெட் (அபூர்வமாக மட்டுமே வரும் வடிவம்). ஆறு பெட்டி கொண்ட முழு செட்டில் ஒன்றுபோல் இரண்டு வராது. சீக்ரெட் வந்தால் ஆறில் ஒன்றின் இடத்தில் வரும். சீக்ரெட் விகிதம் 72க்கு 1, அதாவது 12 செட்டுக்கு ஒன்று. ஒரு செட் வாங்கினால் சீக்ரெட் கிடைக்கும் வாய்ப்பு சுமார் 8 சதவீதம். தனித்தனியாக 72 பெட்டி வாங்கினாலும் வாய்ப்பு 63 சதவீதத்தை ஒட்டித்தான், நூறு ஆகாது.

இப்போது விளம்பரத்துக்கு வாருங்கள். ஒருவர் ‘பிக் இன்டூ எனர்ஜி’யின் கறுப்பு சீக்ரெட் ‘ஐடி’ பத்து கையிருப்பு என்கிறார். சராசரியாக 720 பெட்டி திறந்திருக்க வேண்டும். சீன விலை பெட்டிக்கு 99 யுவான். 71,280 யுவான் போட்டு, மீதி 710 சாதாரணப் பொம்மைகளையும் வைத்திருக்க வேண்டும். அந்த 710ஐ அவர் எங்கே விற்கிறார்? அவருடைய பக்கத்தில் சாதாரண நிறம் ஒன்றுகூட இல்லை, சீக்ரெட் மட்டும் வரிசையாக இருக்கிறது என்றால் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. சீக்ரெட்டை மட்டும் வெளியிலிருந்து வாங்கிச் சேர்க்கும் வியாபாரிகளும் உண்டு, ஆனால் அவர்கள் கடை விலையை ஒட்டி விற்க மாட்டார்கள்.

‘ஏழு வடிவமும் ஒரே செட்டில், சீக்ரெட் உறுதி’ என்று போட்டிருந்தால் படிக்காமலே நகருங்கள். அப்படி ஒரு செட்டைத் தொழிற்சாலை அடைப்பதே இல்லை.

மலர்_கிள்ளான்

பன்னிரண்டு பெட்டி செட் என்று சில வரிசைகளில் பார்த்தேனே?

கணக்குப்புள்ளி

அது மோலி, ஸ்கல்பாண்டா மாதிரி சிறு சிலை வரிசைகள். பன்னிரண்டு சாதாரணம், சீக்ரெட் 144க்கு 1. கணக்கு முறை அதேதான்.

அடையாறு_அலமாரி

இந்திய விலை பற்றியும் சொல்லுங்க சார். இங்க நடைபாதைலயும் இன்ஸ்டாகிராம்லயும் 300லிருந்து 800 ரூபாய் வரை போகுது. “ஏற்றுமதி மிச்சம்”, “தொழிற்சாலைக் கழிவு, ஆனா ஒரிஜினல்” என்று சொல்றாங்க.

கணக்குப்புள்ளி

99 யுவான் என்றால் சீனாவிலேயே ஏறத்தாழ 1,200 ரூபாய். அமெரிக்காவில் 27.99 டாலர். அதன்மேல் கப்பல் செலவு, இறக்குமதி வரி. பொம்மைகளுக்கு அடிப்படைச் சுங்க வரி 2023 பட்ஜெட்டில் 70 சதவீதமாக உயர்ந்தது. ஆக, சென்னையில் 500 ரூபாய்க்கு வரும் வழி ஒன்றுகூட இல்லை. 1,500, 2,000 என்று சொல்பவர்களும் வரி கட்டிக் கொண்டுவந்திருந்தால் நட்டத்தில்தான் விற்க முடியும்.

‘தொழிற்சாலைக் கழிவு’ கதைக்குப் பொருளைப் பார்த்தாலே போதும். கழித்துக்கட்டிய அசல் என்றால் அச்சு சரியாக, சாயம் மட்டும் கெட்டிருக்க வேண்டும். விற்பவை பெரும்பாலும் நேர்மாறு: சாயம் பளபளவென்று, அச்சு வடிவமே வேறு. கறாரானவன் சொன்ன அளவுகோலை அப்படியே வைத்துப் பாருங்கள். கழித்த பொருளுக்கு மூடிய பெட்டியும் சுரண்டாத ஸ்டிக்கரும் எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள்.

அம்மா_வளவன்

போலி என்று தெரிந்தே வாங்கியாச்சு, குழந்தை அழுதது. விளையாடக் கொடுக்கலாமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க.

நீலவிளக்கு

அக்கா, வயது என்ன என்பதுதான் முதல் கேள்வி. மூன்று வயதுக்குக் கீழே என்றால் கொடுக்கவே வேண்டாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ‘லாஃபுஃபு’ என்று அழைக்கப்படும் இந்தப் போலி லபுபு பொம்மைகளைப் பற்றியே எச்சரிக்கை விட்டது: சிறியவை, எளிதில் உடைந்து பிரிபவை, துண்டு தொண்டையில் அடைத்து மூச்சை நிறுத்தும் அபாயம். அதே மாதம் பிரிட்டனிலும் கண், கை, கால் கழன்று வருவதைச் சொல்லி எச்சரித்தார்கள்.

வீட்டில் செய்யக்கூடியது: கண், கை, பாதம், தலைமேல் உள்ள வளையம் ஒவ்வொன்றையும் பிடித்து, ஒரு பை ஜிப்பை இழுக்கிற பலத்தில் சில விநாடி நிதானமாக இழுங்கள். முறுக்கியும் பாருங்கள். எதுவாவது நகர்ந்தால் குப்பைக்குப் போகட்டும், பசை போட்டு ஒட்டித் திரும்பக் கொடுக்காதீர்கள். தையலைப் பிரித்தால் உள்ளே பஞ்சு எப்படி இருக்கிறது என்று தெரியும். துணி வெட்டிய கழிவைத் திணித்த பொம்மைகளும் வருகின்றன. பாதுகாப்புச் சோதனைக் கூடங்கள் சிறு பாகத்துக்கு வைத்திருக்கும் குழலின் விட்டம் 31.7 மில்லிமீட்டர். கழன்ற துண்டு அதற்குள் முழுதாக அடங்கினால் மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஆகாது.

கண்ணுக்குத் தெரியாதது வைனலை மென்மையாக்கும் தாலேட் வகை வேதிப்பொருள். ஐரோப்பாவில் டிஇஎச்பி உள்ளிட்ட நாலு தாலேட்டுகள் சேர்ந்து எடையில் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. போலியில் எவ்வளவு என்று சோதனைக்கூடம் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. வாயில் வைக்கிற பிள்ளை என்றால் அதுவே போதுமான காரணம். இந்தியாவில் 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். நடைபாதைப் பொம்மையில் அதைத் தேடிப் பாருங்கள். அசல் லபுபுவும் சின்னப் பிள்ளைகளுக்கானது அல்ல, பெட்டியிலேயே வயது வரம்பு போட்டிருப்பார்கள்.

உட்லண்ட்ஸ்_சேகரம்

சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்குச் சுலப வழி இருக்கிறது: பாப் மார்ட்டின் சொந்தக் கடை, ரோபோ ஷாப் என்ற தானியங்கி விற்பனை இயந்திரம், அவர்களுடைய செயலி, ஷாப்பி, லசாடா ஆகிய இணையச் சந்தைகளில் அவர்களுடைய அதிகாரப்பூர்வக் கடை. கடைசி இரண்டில் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். கடைப் பக்கத்துக்குள் போய், அதிகாரப்பூர்வக் கடை என்று தளமே வைக்கும் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கடைப் பெயரை யார் வேண்டுமானாலும் ‘பாப் மார்ட் ஒரிஜினல் எஸ்ஜி’ என்று வைத்துக்கொள்ளலாம்.

பழைய பொருள் விற்கும் கரோசெல் தளத்தில் வாங்கினால் பணம் அனுப்பும் முன் விற்பவரிடம் காணொளி கேளுங்கள். ஒரு துண்டுத் தாளில் உங்கள் பயனர் பெயரும் தேதியும் எழுதி பெட்டியோடு வைத்து, வெட்டாமல் எடுத்த ஒரே காணொளி: ஆறு பக்கமும், சுரண்டாத ஸ்டிக்கரும், மூடி ஒட்டியிருக்கும் ஓரமும். ஸ்டிக்கரின் க்யூஆர் கோடு காணொளியில் தெளிவாகத் தெரியாமல் விரலால் மறைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கோடே அடுத்த போலிக்குப் போகும். நேரில் சந்தித்து வாங்குவதானால் அங்கேயே ஸ்கேன் செய்து, சுரண்டி, பார்த்த பிறகே பணம் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். நேர்மையான விற்பனையாளர் இதற்கு மறுப்பதில்லை.

பார்சல் வந்ததும் திறப்பதையும் வெட்டாமல் படம்பிடியுங்கள். கூரியர் லேபிள் தெரியும்படி தொடங்கி, வெளிப்பெட்டி, பொம்மைப் பெட்டி, உள்ளே வெள்ளிப் பை, கார்டு, பொம்மை என்று முடிக்க வேண்டும். பணம் திரும்பக் கேட்கும்போது தளங்கள் முதலில் கேட்பது இதைத்தான். நடுவில் ஒரு வெட்டு இருந்தாலும் தள்ளிவிடுவார்கள். ‘பொருள் கிடைத்தது’ பொத்தானைச் சோதனை முடியும்வரை அழுத்தாதீர்கள், அழுத்தினால் பணம் விற்பவருக்குப் போய்விடும்.

பெட்டிமுனை

அதோடு மறு ஒட்டு பற்றி இரண்டு வரி. அசல் பெட்டியின் பரப்பு மங்கலான மேட், நிறம் அடக்கமாக இருக்கும். கண்ணாடி மாதிரி பளபளத்தால் பெட்டியே போலி. பெட்டி அசல், உள்ளே மாற்றியிருக்கிறார்கள் என்ற சந்தேகம் வந்தால் மூடி மடிப்பைத் திறக்கும்போது கவனியுங்கள். தொழிற்சாலைப் பசை ஒரே நேர்க்கோட்டில் காய்ந்து, பிரிக்கும்போது அட்டையின் மேல்நார் கிழியும். சூடு காட்டித் திறந்து மறுபடி ஒட்டியதில் ஏற்கெனவே கிழிந்த நாரின் மேல் புதுப் பசை, அல்லது இரட்டை நாடா இருக்கும். உள்பையின் ஒட்டிய முனைகளையும் பாருங்கள்: இரண்டு முனையிலும் ஒரே வகை வரிப்பதிவு இருக்க வேண்டும். ஒரு முனையில் வரியும் மறுமுனையில் வீட்டு சீலரின் ஒற்றைக் கோடும் இருந்தால் அந்தப் பை ஒருமுறை திறந்து மூடியது.

மலர்_கிள்ளான்

நன்றி அண்ணே. கடைசியாக ஒன்று: பெட்டியே இல்லாத, யூவி முத்திரையும் இல்லாத பழைய மெக்கரோன் ஒன்று விலைக்கு வருகிறது. எதை வைத்து முடிவெடுப்பது?

தையல்கோடு

அதற்கு அச்சும் முக விளிம்பும் மட்டும்தான் மிச்சம், மலர். பாத எழுத்து, பல், முக வடிவம், முக விளிம்பு நாலையும் பாருங்கள். முடிந்தால் கடையில் நேரடியாக வாங்கிய இன்னொரு மெக்கரோனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்த உயரம், முக அகலம், கண்களுக்கு நடுவே உள்ள தூரம் மூன்றையும் வெர்னியர் அளவுகோலால் அளந்து ஒப்பிடுங்கள். ஃபரும் பஞ்சும் அமுங்குவதால் உயரத்தில் சில மில்லிமீட்டர் வித்தியாசம் வரும், அது பரவாயில்லை. முக அகலமும் கண் தூரமும் கெட்டி வைனல், அங்கே இரண்டும் ஒத்துப்போக வேண்டும். எல்லாம் பொருந்தினாலும் விற்பவரிடம் வாங்கிய ரசீது இல்லையென்றால் ‘சரிபார்க்க முடியாதது’ என்ற விலையைத்தான் பேசுங்கள். நாளைக்கு நீங்கள் விற்கும்போதும் உங்களிடம் அதே கேள்வியைத்தான் கேட்பார்கள்.